எத்தனை தீர்வுகள்? நேரியச் சமன்பாட்டுத் தொகுப்புகளில் ஒரு வினாவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நேரியச் சமன்பாடுகளின் தொகுப்பைத் தீர்க்கும் முறை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஆனால், ஒரு தொகுப்புக்குத் தீர்வு உண்டா, உண்டெனில் ஒன்றா பலவா என்பதைப் பொதுவிதியாகக் கூறும் தேற்றம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருவம் பெற்றது. இவ்விடைவெளிக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சமன்பாடுகளை எண்ணுவதை விடுத்து, ஒன்றையொன்று சாராத சமன்பாடுகளை எண்ணத் தொடங்கியதே இவ்வரலாற்றின் திருப்பம் என்றும், அது 1750இல் அச்சான ஆய்லரின் கட்டுரையில் நிகழ்ந்தது என்றும், அதே ஆண்டில் வெளியான கிராமரின் விதியும் அதன் வழிவந்த அணிக்கோவைக் கோட்பாடும் அத்திருப்பத்தை நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளின என்றும் இக்கட்டுரை கருதுகிறது.

திறவுச்சொற்கள்: நேரியச் சமன்பாடு, தீர்வுகளின் எண்ணிக்கை, கிராமரின் முரண், ஆய்லர், அணியின் தரம், ரூச்சே–காப்பெல்லி தேற்றம்

முன்னுரை

இரண்டு மாறிகளைக் காண இரண்டு சமன்பாடுகள் வேண்டும். மூன்று மாறிகளுக்கு மூன்று வேண்டும். பள்ளிக் கணிதத்தில் பலரும் மனத்தில் பதித்துக்கொள்ளும் வாய்பாடு இது. பெரும்பாலும் பயன் தருவதால் இதன் பிழை கண்ணில் படுவதில்லை. தீர்வு என்ன என்னும் வினாவும் தீர்வுகள் எத்தனை என்னும் வினாவும் வெவ்வேறானவை. முன்னதற்கு ஒரு செய்முறை போதும். பின்னதற்கோ தொகுப்பின் உள்ளமைப்பையே பார்க்க வேண்டும். இவ்விரண்டும் எப்போது, எதன் பொருட்டுப் பிரிந்தன என்பதே இங்கு நாம் காண விழைவது.

கிணறும் ஐந்து குடும்பங்களும்

சீனத்தில் ஹான் அரசமரபுக் காலத்தில் தொகுக்கப்பட்ட ‘ஒன்பது இயல்கள்’ என்னும் கணித நூலின் எட்டாம் இயல் முழுவதும் நேரியச் சமன்பாடுகளைப் பற்றியது. அதில் 18 கணக்குகள் உள்ளன. கெழுக்களைக் கணக்குக் குச்சிகளால் பலகையில் நிரல்களாக அடுக்கி, ஒரு நிரலின் மடங்கை மற்றொன்றிலிருந்து கழித்து மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கிச் செல்வது அதன் முறை. இன்று காஸின் பெயரால் வழங்கும் நீக்கல் முறையும் சாரத்தில் இதுவே. முதற் கணக்கில் மூவகைக் கதிர்க்கட்டுகளின் விளைச்சல் கேட்கப்படுகிறது. மூன்று சமன்பாடுகள், மூன்று மாறிகள், ஒரே விடை.

நம் வினாவுக்கு உரியது பதின்மூன்றாம் கணக்கு. ஐந்து குடும்பங்கள் ஒரு கிணற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரே நீளமுடைய கயிறுகள் உள்ளன. எந்தக் குடும்பத்தின் கயிறும் தனித்து நீரை எட்டாது. முதற் குடும்பத்தின் இரண்டு கயிறுகளோடு இரண்டாம் குடும்பத்தின் ஒன்றைச் சேர்த்தால் எட்டும். இரண்டாம் குடும்பத்தின் மூன்றோடு மூன்றாவதன் ஒன்று, மூன்றாவதன் நான்கோடு நான்காவதன் ஒன்று, நான்காவதன் ஐந்தோடு ஐந்தாவதன் ஒன்று, ஐந்தாவதன் ஆறோடு முதற் குடும்பத்தின் ஒன்று என்று இது சுற்றி வருகிறது. கிணற்றின் ஆழம் என்ன, கயிறுகளின் நீளம் என்ன?

சமன்பாடுகள் ஐந்து; அறிய வேண்டியவை ஆறு. நூல் தரும் விடை ஒன்றே: ஆழம் 721 அலகு, கயிறுகள் முறையே 265, 191, 148, 129, 76. இருமுறை 265உம் 191உம் கூட்டினால் 721 வருவதை வாசகர் உடனே சரிபார்க்கலாம்; மற்ற நான்கும் அவ்வாறே பொருந்தும். ஆனால் இந்த ஆறு எண்களையும் இரண்டால் பெருக்கினாலும் மூன்றால் வகுத்தாலும் சமன்பாடுகள் அனைத்தும் பொருந்திக்கொண்டே இருக்கும். கி.பி. 263இல் இந்நூலுக்கு உரை வகுத்த லியூ ஹூய் இதைக் கண்டுகொண்டார். விடையாகத் தரப்பட்டவை விகிதங்களே என்று அவர் குறிக்கிறார். ஒரு தொகுப்புக்குத் தீர்வு ஒன்றல்ல என்பதை ஓர் உரையாசிரியர் கூர்ந்து கண்ட இடமாக இதைக் கொள்ளலாம். அவர் கண்டது இக்கணக்கின் இயல்பை. எல்லாத் தொகுப்புகளுக்கும் உரிய விதியை அன்று.

நூறு பறவைகள்

தீர்வுகளின் எண்ணிக்கை மக்களின் ஆர்வத்தைத் தூண்டியது மற்றொரு வகைக் கணக்கில்தான். நூறு காசுக்கு நூறு பறவை வாங்கச் சொல்லும் கணக்கு சீனம், இந்தியா, அரபுலகம், ஐரோப்பா எங்கும் உலவியது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சாங் சியூச்சியனின் நூலில் சேவல் ஒன்று 5 காசு, பெட்டை ஒன்று 3 காசு, குஞ்சு மூன்று 1 காசு. அவர் மூன்று விடைகளைத் தருகிறார்: 4 சேவல், 18 பெட்டை, 78 குஞ்சு; அல்லது 8, 11, 81; அல்லது 12, 4, 84. சேவலே இல்லாத நான்காம் விடை (25 பெட்டை, 75 குஞ்சு) அவர் பட்டியலில் இல்லை. பறவை வகை ஒவ்வொன்றிலும் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்பது அக்கணக்கின் சொல்லாத நிபந்தனை எனலாம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரர் ‘கணிதசாரசங்கிரகம்’ என்னும் நூலில் இதை நான்கு வகைப் பறவைகளுக்கு விரிக்கிறார்: புறா ஐந்து 3 பணம், சாரசம் ஏழு 5 பணம், அன்னம் ஒன்பது 7 பணம், மயில் மூன்று 9 பணம். அரசகுமாரனின் விளையாட்டுக்காக நூறு பணத்தில் நூறு பறவை கொணர வேண்டும். 1150இல் இரண்டாம் பாஸ்கரர் ‘பீஜகணிதம்’ நூலில் இதே கணக்கை எடுத்தாள்கிறார். அறியாக் கணியங்களைக் கருமை, நீலம், மஞ்சள், செம்மை என நிறப்பெயர்களால் குறிப்பது அவருடைய மரபு. சமன்பாடுகள் குறைவாகவும் மாறிகள் மிகுதியாகவும் இருக்கும்போது ஒரு மாறிக்கு விரும்பிய மதிப்பை இட்டு, மற்றவற்றைக் குட்டக முறையால் காண வேண்டும் என்பது அவர் வழி. ‘விரும்பிய மதிப்பு’ என்னும் அந்தச் சொல்லிலேயே விடை பல என்னும் ஒப்புதல் அடங்கியிருக்கிறது.

பறவைகளை விலை சொன்ன குழுக்களாகவே வாங்க வேண்டும், ஒவ்வொரு வகையிலும் ஒரு குழுவேனும் வேண்டும் என்று கொண்டு இக்கணக்கைச் செய்து பார்த்தால், மயில் குழு நான்காக இருக்கும்போது நான்கு விடைகளும் ஐந்தாக இருக்கும்போது இரண்டு விடைகளும் ஆக ஆறு கிடைக்கின்றன. வேறு மயில் எண்ணிக்கைக்கு இடமே இல்லை.

எண்ணிக்கையையே வியப்பாக முன்வைத்தவர் எகிப்தைச் சேர்ந்த அபூ காமில். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த அவர், பறவைக் கணக்குகளுக்கென்றே ஒரு சிறுநூல் இயற்றினார். சில கணக்குகளுக்கு ஒரே விடை, சிலவற்றுக்குப் பல, ஒன்றுக்கு விடையே இல்லை என்று அந்நூல் வகைப்படுத்துகிறது. ஐவகைப் பறவைகளைக் கொண்ட கணக்கொன்றுக்கு அவர் 2676 விடைகளைக் கண்டார். சரியான எண்ணிக்கை 2678. கையால் எண்ணிய ஒருவர் இரண்டே இரண்டைத் தவறவிட்டிருக்கிறார்!

ஆயினும் இந்த 6உம் 2678உம் சமன்பாடுகளால் மட்டும் வந்தவை அல்ல. பறவை முழு எண்ணாக இருக்க வேண்டும், சுழியத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனைகளே அவற்றை எண்ணக்கூடியவையாக ஆக்குகின்றன. அந்நிபந்தனைகளை நீக்கி, பின்னங்களையும் குறை எண்களையும் ஏற்றுக்கொண்டால் படம் முற்றிலும் மாறும். ஒரு நேரியத் தொகுப்புக்கு வெவ்வேறான இரண்டு தீர்வுகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் தீர்வோடு அவ்விரண்டின் வேறுபாட்டின் எந்த மடங்கைக் கூட்டினாலும் அதுவும் தீர்வாகவே அமையும். எனவே தீர்வுகள் இரண்டு இருந்தால் எண்ணிறந்தவை இருக்கும். சுழியம், ஒன்று, முடிவிலி ஆகிய மூன்றுக்கு அப்பால் வேறு விடை இல்லை. பறவைக் கணக்குகள் எவ்வளவு பெருகினாலும் இந்த மும்மை அவற்றின் வழியே புலப்பட வாய்ப்பில்லை. வேறொரு களம் தேவைப்பட்டது. அது வளைகோடுகளின் வடிவியலில் அமைந்தது.

கிராமரின் முரண்

ஒரு நேர்கோட்டை வரைய இரண்டு புள்ளிகள் போதும். கூம்பு வளைவு எனப்படும் இருபடி வளைவுக்கு ஐந்து புள்ளிகள் வேண்டும். பொதுவாக, வளைவின் படியை ந எனக் கொண்டால் ந(ந+3)/2 புள்ளிகள் அதை உறுதிசெய்யும் என்பது 18ஆம் நூற்றாண்டினர் நன்கறிந்த செய்தி. இதன் காரணம் எளியது. முப்படி வளைவின் சமன்பாட்டில் பத்துக் கெழுக்கள் உள்ளன. அனைத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினால் வளைவு மாறாது என்பதால் உண்மையில் அறிய வேண்டியவை ஒன்பது. வளைவு ஒரு புள்ளி வழியாகச் செல்ல வேண்டும் என்பது கெழுக்களின்மேல் விதிக்கப்படும் ஒரு நேரியச் சமன்பாடு. ஒன்பது புள்ளிகள் தந்தால் ஒன்பது சமன்பாடுகள். ஆகவே ஒரே வளைவு.

மறுபுறம், படி ந உடைய இரண்டு வளைவுகள் ந² புள்ளிகள் வரை வெட்டிக்கொள்ளலாம். இருபடி வளைவுகளுக்கு இதனால் இடர் இல்லை: ஐந்து புள்ளிகள் வேண்டும், வெட்டுவதோ நான்கில். முப்படிக்கு வந்தவுடன் சிக்கல் எழுகிறது. இரண்டு முப்படி வளைவுகள் ஒன்பது புள்ளிகளில் வெட்டிக்கொள்கின்றன. ஒன்பது புள்ளிகள் ஒரே வளைவைத்தான் தர வேண்டும் என்றோமே! நாற்படியில் நிலைமை இன்னும் மோசம்: 14 புள்ளிகள் ஒரு வளைவை உறுதிசெய்யும் எனப்படுகிறது, இரு வளைவுகளோ 16 புள்ளிகளைப் பகிர்ந்துகொள்கின்றன.

1720இல் ஸ்காட்லாந்தின் மெக்லாரின் இதைச் சுட்டினார். ஜெனீவாவின் கேப்ரியல் கிராமர் 1744இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இதை எழுப்பினார். முரண் கிராமரின் பெயராலேயே நிலைத்தது.

இதற்கு ஒரு காட்சி எடுத்துக்காட்டு தரலாம். புள்ளிக்கோலத்துக்கு வைப்பதுபோல் மூன்று வரிசைக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகளை இடுவோம். மூன்று நெடுங்கோடுகள் ஒன்பதையும் தொடும். மூன்று கிடைக்கோடுகளும் ஒன்பதையும் தொடும். மூன்று நேர்கோடுகளின் சேர்க்கையும் ஒரு முப்படி வளைவே. நடுப்புள்ளியைத் தொடக்கமாகக் கொண்டால் முதலாவதன் சமன்பாடு க³ − க = 0; இரண்டாவதன் சமன்பாடு ச³ − ச = 0. இவ்விரண்டையும் எந்த விகிதத்தில் கலந்தாலும் அதே ஒன்பது புள்ளிகள் வழியாகச் செல்லும் புதிய முப்படி வளைவு கிடைக்கும். ஒன்பது சமன்பாடுகளை எழுதியும் வளைவு உறுதிப்படவில்லை.

ஆய்லரின் விடை

‘வளைகோடுகளின் கோட்பாட்டில் தோன்றும் ஒரு முரண்’ என்னும் பொருள்படும் தலைப்பில் பிரெஞ்சு மொழியில் ஆய்லர் எழுதிய கட்டுரை, பெர்லின் கழகத்தின் 1748ஆம் ஆண்டுக்கான தொகுதியில் 1750இல் அச்சாயிற்று. அதில் அவர் வடிவியல் கூற்றுகள் இரண்டையும் ஐயுறவில்லை. அவர் ஐயுற்றது, எவரும் மெய்ப்பிக்காமல் நம்பிவந்த ஓர் எண்கணித நம்பிக்கையை: இத்தனை மாறிகளுக்கு இத்தனை சமன்பாடுகள் போதும் என்பதை.

அவர் காட்டும் சான்றுகள் வியப்பூட்டும் அளவுக்கு எளியவை. முதலில் இரண்டு சமன்பாடுகள்: 3க − 2ச = 5; 4ச = 6க − 10. இரண்டாவது முதலாவதன் இருமடங்கே. எழுதிய முறை மட்டும் வேறு. அடுத்து மூன்று மாறிகளுக்கு மூன்று சமன்பாடுகள்:

2க − 3ச + 5ட = 8
3க − 5ச + 7ட = 9
க − ச + 3ட = 7

முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவது வந்துவிடுகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது தெரியாது. அதன்பின் நான்கு மாறிகளுக்கு நான்கு சமன்பாடுகள்:

5க + 7ச − 4ட + 3த = 24
2க − 3ச + 5ட − 6த = 20
க + 13ச − 14ட + 15த = −16
3க + 10ச − 9ட + 9த = 4

முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நான்காவது. இரண்டாவதன் இருமடங்கைக் கழித்தால் மூன்றாவது. நான்கு சமன்பாடுகளும் உண்மையில் இரண்டே. ஆகவே இரண்டு மாறிகளை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

சமன்பாடுகள் எண்ணிக்கையில் போதுமானவையாக இருந்தாலும், அவற்றுள் ஒன்று மற்றவற்றில் அடங்கியிருக்குமானால் தீர்வு உறுதிப்படாது என்பது ஆய்லரின் முடிவு. முப்படி வளைவின் ஒன்பது சமன்பாடுகளுள் ஒன்று மற்ற எட்டில் அடங்கக்கூடும். அவ்வாறாயின் ஒன்பது புள்ளிகள் போதா. மேலே கண்ட புள்ளிக்கோலத்தில் நிகழ்வது இதுவே. முரண் அகன்றது.

நேரியச் சார்பின்மை, தரம் ஆகிய கருத்துகளின் தொடக்கத்தை இக்கட்டுரையில் கண்டு 1995இல் வலியுறுத்தியவர் கணித வரலாற்றாய்வாளர் ஜான்-லூக் டோரியே. அவருடைய மதிப்பீட்டை ஏற்பதில் தடையில்லை. ஆய்லர் புதிய செய்முறை எதையும் தரவில்லை என்பதை நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர் செய்தது எண்ணப்படும் பொருளை மாற்றியது. அதுவரை தாளில் எழுதப்பட்ட வரிகள் எண்ணப்பட்டன. இப்போது அவ்வரிகள் கூறும் வெவ்வேறு செய்திகள் எண்ணப்பட்டன. அவர் காட்டிய மூன்று தொகுப்புகளும் தீர்வு உடையவை. ஒன்றோடொன்று மோதித் தீர்வே இல்லாது போகும் தொகுப்புகளுக்கான பொதுவிதி பிற்காலத்தவருக்காகக் காத்திருந்தது.

அணிக்கோவைகளின் நூற்றாண்டு

அதே 1750இல் கிராமரின் வளைகோட்டு நூல் வெளியாயிற்று. அதன் பின்னிணைப்பில்தான் இன்று அவர் பெயரால் வழங்கும் விதி இடம்பெறுகிறது. தரப்பட்ட புள்ளிகள் வழியே செல்லும் வளைவின் கெழுக்களைக் காணும் பொருட்டே அவர் அவ்விதியை அமைத்தார். ஒரே சிக்கலிலிருந்து, ஒரே ஆண்டில், இரு நூல்கள் இரு திசைகளில் பிரிகின்றன. ஆய்லர் தீர்வு ஏன் உறுதிப்படாமற் போகிறது என்று கேட்டார். கிராமரின் விதி தீர்வு உறுதிப்படும்போது அதை ஒரே கோவையாக எழுதிக் காட்டிற்று.

பின்வந்தோர் கிராமரின் வழியே சென்றனர். பெசூ, வாண்டர்மோன்ட், லாப்லாஸ், கோஷி, யாக்கோபி என்று அணிக்கோவைக் கோட்பாடு செழித்தது. கிராமரின் விதியில் ஒவ்வொரு மாறியும் இரண்டு அணிக்கோவைகளின் ஈவாக வருகிறது. பகுதி சுழியமல்லாதபோது விடை ஒன்றே. எல்லாம் செவ்வையாக முடிகிறது. பகுதி சுழியமாகும் இடம் ஒதுக்கித் தள்ளவேண்டிய விதிவிலக்காகத் தோன்றியது. எத்தனை தீர்வுகள் என்னும் வினாவின் உயிர் அந்த விதிவிலக்கில்தான் இருக்கிறது. கருவியின் வெற்றியே வினாவை மறைத்தது என்று இதனால்தான் சொல்ல நேர்கிறது.

வினா மீண்டெழுந்தது 1860களில். ஆக்ஸ்ஃபோர்டின் ஹென்றி ஸ்மித் 1861இல், முழு எண் தீர்வு உண்டா என்பதை ஆராய்ந்தார். கெழுக்களின் அணியிலிருந்து பெறும் மீப்பெரு சிற்றணிக்கோவைகளின் மீப்பெரு பொதுக் காரணியும், மாறிலிகளின் நிரலையும் சேர்த்த அணியிலிருந்து பெறுவதும் ஒன்றானால் முழு எண் தீர்வு உண்டு என்பது அவர் கண்ட விதி. மகாவீரரின் பறவைகளுக்கு இதைப் பொருத்தினால் கெழு அணியின் சிற்றணிக்கோவைகள் 4, 8, 36, 4, 48, 60. பொதுக் காரணி 4. நூறுகளின் நிரலைச் சேர்த்தால் 200, 200, 200, −600 ஆகியவையும் வருகின்றன. பொதுக் காரணி அப்போதும் 4. ஆகவே முழு எண் தீர்வு உண்டு. அத்தீர்வுகளுள் எத்தனை குறை எண் கலவாதவை என்பதை மட்டும் இவ்விதி சொல்லாது. அதற்கு அபூ காமிலைப்போல் எண்ணத்தான் வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்த சார்லஸ் டாட்ஜ்சன், லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில் ‘ஆலிஸ்’ கதைகளை எழுதியவர், 1867இல் அணிக்கோவைகள் பற்றிய பாடநூல் ஒன்றை வெளியிட்டார். மாறிலிகளைச் சேர்த்த அணியையும் சேர்க்காத அணியையும் ஒப்பிட்டுத் தொகுப்பின் ஒருங்கமைவைத் தீர்மானிக்கும் முறை அதில் உண்டு. சில்வெஸ்டர் 1850இல் அணிக்கு இட்ட பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை; அது வார்ப்பச்சைக் குறிக்கும் சொல், எண்களின் அடுக்குக்குப் பொருந்தாது என்று ‘கட்டம்’ என்னும் பொருள்படும் சொல்லையே ஆண்டார். அச்சொல்லை வேறு யாரும் ஏற்கவில்லை.

1875இல் பிரான்சின் யூஜின் ரூச்சே பாரிஸ் அறிவியல் கழகத்தின் அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். 1880இல் அதை விரித்தெழுதினார். கெழுக்களிலிருந்து சுழியமல்லாத மிகப் பெரிய அணிக்கோவையை முதன்மை அணிக்கோவையாக எடுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய ஒவ்வொரு சமன்பாட்டையும் மாறிலியையும் அதனோடு சேர்த்து அமைக்கும் அணிக்கோவைகள் அனைத்தும் சுழியமானால் தீர்வு உண்டு; ஒன்றேனும் சுழியமல்லாததாயின் தீர்வு இல்லை. கண்டுபிடிப்பில் தமக்கும் உரிமை உண்டென்று ஃபொன்தெனே 1875இலேயே எழுதினார்.

தரம் என்னும் எண்

ரூச்சேயின் விதிக்கு இன்றைய சுருக்கம் வந்தது ஃபிரோபேனியஸ் 1879இல் அணியின் தரத்துக்குப் பெயரிட்டபின். சுழியமல்லாத மிகப் பெரிய சிற்றணிக்கோவையின் வரிசை எண்ணே தரம். இத்தாலியில் காப்பெல்லியும் கார்பியேரியும் 1886இல் எழுதிய பாடநூல் அதைத் தேற்றமாக நிலைநிறுத்தியது. கெழு அணியின் தரமும் விரிவுபடுத்தப்பட்ட அணியின் தரமும் வேறானால் தீர்வு இல்லை. சமமாகி மாறிகளின் எண்ணிக்கையோடும் ஒத்தால் ஒரே தீர்வு. சமமாகி, அவ்வெண்ணிக்கையைவிடக் குறைந்தால் எண்ணற்ற தீர்வுகள். எத்தனை குறைகிறதோ அத்தனை மாறிகளை விருப்பப்படி வைக்கலாம்.

கிணற்றுக் கணக்கில் தரம் 5, மாறிகள் 6. விருப்பத்துக்கு விடப்படுவது ஒன்று. லியூ ஹூய் விகிதம் என்றது அதைத்தான். ஆய்லரின் நான்கு சமன்பாடுகளில் தரம் 2. ஒன்பது கோலப்புள்ளிகளின் சமன்பாடுகளில் கெழுக்கள் 10, தரம் 8.

இவ்விடத்தில் கலைச்சொல் பற்றி ஒன்று கூறலாம். தமிழில் ‘தரம்’ என்னும் சொல் உயர்வு தாழ்வு, பண்பு ஆகிய பொருள்களையே முதலில் நினைவூட்டுகிறது. தேற்றத்தில் அது ஓர் எண்ணிக்கை: ஒன்றையொன்று சாராத சமன்பாடுகள் எத்தனை என்பதன் விடை. வகுப்பில் இச்சொல்லை அறிமுகப்படுத்தும்போது அணிக்கோவை வரையறையோடு நில்லாமல், ஆய்லரின் நான்கு வரிகளை எழுதி ‘இவற்றுள் உண்மையில் எத்தனை?’ என்று கேட்டால் சொல்லின் பொருள் தெளியும் என்று தோன்றுகிறது.

தேற்றத்தின் பெயர் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இத்தாலியில் ரூச்சே–காப்பெல்லி, ஸ்பெயினில் ரூச்சே–ஃபிரோபேனியஸ், ரஷ்யாவில் குரோனெக்கர்–காப்பெல்லி. தமிழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூல் இத்தாலிய வழக்கைப் பின்பற்றுகிறது.